காதுக்குச் சொந்தக்காரி

ரஜப் 9

குருவிக்கு, பெரியம்மா ஸலாம். உன் வீட்டு மேலயும் பாப்பாவோட தொட்டில் மேலயும் அல்லாஹ்வோட காவல் இருக்கட்டும்.

நீ போனை எடுக்க மாட்டேங்கற. நேத்து மாப்பிள்ளைதான் எடுத்தாரு. "அவ பேசுற நிலைமையில இல்ல மாமி, லெட்டர் வேணா போடுங்க"ன்னாரு. பின்னாடி பாப்பா சிணுங்குற சத்தம் கேட்டுச்சு. "என்ன, பாலுக்கு அழுவுதா"ன்னேன். அதுக்கு அவரு பதில் சொல்லாம "டிஃபன் சாப்டீங்களா மாமி"ன்னு கேட்டாரு பாரு, அங்கயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீ பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்னு.

சரி, எழுதுறேன். அஞ்சாவதோட நின்ன கை. எழுத்து கோழி கிளறுன மாதிரி இருந்தா பொறுத்துக்க.

நீ கத்தியிருந்தா கூட எனக்கு மனசு ஆறியிருக்கும் குருவி. வேலை முடிஞ்சு வந்தே, கையக் கழுவுனே, புள்ளையத் தூக்குனே, காதைப் பார்த்தே. அவ்வளவுதான். அப்புறம் என் துணிமணியெல்லாம் மடிச்சு பையில வச்சே. என் தொழுகைப் பாயைக் கூட ஒழுங்கா நாலா மடிச்சு வச்சே. அந்த ஒழுங்குதான் எனக்குத் தாங்கல. ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்பும்போது இவ்வளவு ஒழுங்காவா மடிப்பாங்க? பஸ் ஸ்டாண்டுல மாப்பிள்ளை என் மூஞ்சியப் பார்க்காம டிக்கெட்டையே பார்த்துக்கிட்டு நின்னாரு. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்.

நான் அப்படி என்ன செஞ்சுட்டேன்? நீ பிள்ளை பெத்ததுலேருந்து அஞ்சு மாசம் உன் வீட்ல கெடந்தேன். நீ லேபுக்கு வேலைக்குத் திரும்பிப் போனதும் அவளக் குளிப்பாட்டி, பால் குடுத்து, தோள்ல போட்டு ஏப்பம் வர வச்சு, எல்லாம் நான்தானே. பொம்பளப் புள்ளைக்குக் காது குத்துனேன். அவ்வளவுதான். ஊர்ல யாருமே செய்யாததையா செஞ்சேன்? நகைக் கடையில அந்தப் பொண்ணு மையால ரெண்டு பக்கமும் புள்ளி வச்சு, சரியா இருக்கான்னு என்னையும் பார்க்கச் சொல்லி, பிஸ்மி சொல்லித்தான் குத்துனோம். டக்குனு ஒரு சத்தம். புள்ள மூச்சப் பிடிச்சுக்கிட்டா, அப்புறம் அழுதா, வீட்டுக்கு வர்றதுக்குள்ள தூங்கிட்டா. நீ ஊர் சனத்தையெல்லாம் பொழுதன்னிக்கும் ஊசியால குத்தி ரத்தம் எடுக்கறவ. உனக்கு இது பெருசா?

நீ வேணாம்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவ சொன்னே. போன்ல ஏதோ பயான் கேட்டேன், சின்னப் புள்ளைக்கு அழகுக்காக காயம் பண்றது கூடாதுன்னு ஒரு ஆலிம் சொன்னாருன்னே. நானும் காது குடுத்துக் கேட்டேன். ஆனா நம்ப முடியல. நபி காலத்துப் பொம்பளைங்க தர்மம் குடுக்கறதுக்குக் காதுல கெடந்த கம்மலையே கழட்டிப் போட்டாங்கன்னு சின்ன வயசுலேருந்து கேட்டு வளர்ந்தவ நான். ஓட்டை இல்லாம கம்மல் எப்படித் தொங்குச்சாம், பசை போட்டு ஒட்டிக்கிட்டாங்களா?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கும் உன் பெரியப்பாவுக்கும் ஹஜ்ஜுக்குப் பேர் வந்திருச்சு. நான் திரும்பி வந்த மறு வாரம் சேதி வந்துச்சு. அழுதேன். உன் பெரியப்பாவுக்குக் காது மந்தம்ல, நான் அழுததப் பார்த்துட்டு யாரோ மவுத்தாயிட்டாங்கன்னு நெனச்சு 'இன்னா லில்லாஹி' சொல்லிட்டாரு.

ஹஜ்ஜுக்குப் போறவங்க, யார் மனசையாவது நோகடிச்சிருந்தா அவங்ககிட்ட பொருத்தம் கேட்டுட்டுத்தான் போகணும். அவங்க மன்னிக்காம அங்க போய் நின்னு என்ன பிரயோஜனம்? தெருவுல எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. மாவு மில்லுக்காரன்கிட்ட கூட கேட்டேன். நீ ஒருத்திதான் பாக்கி.

நான் செஞ்சது தப்புன்னு இன்னும் என் மனசு ஒத்துக்கல. பொய் எழுத மாட்டேன். ஆனாலும் கேக்குறேன். பொருத்தம் குடு.

உன் பெரியம்மா


ஜனவரி 24

பெரியம்மாவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஹஜ் செய்தி கேட்டு மகிழ்ச்சி. அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

தப்பு என்று ஒப்புக்கொள்ளாமல் கேட்கப்படும் மன்னிப்பை நான் எப்படிக் கொடுப்பது? மாவு மில்காரரிடம் கேட்டதைப் போல என்னிடமும் கேட்கிறீர்கள்.

நான் ஊசி குத்துகிறவள்தான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் "குத்தட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் குத்துகிறேன். குழந்தையாக இருந்தால் தாயிடம் கேட்கிறேன். கேட்காமல் நான் யாரையும் தொட்டதில்லை.

நம் பாப்பாவின் இடது காதில் சீழ் வைத்துவிட்டது. வேலைக்கு விடுப்பு எடுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோடுகளைக் கழற்றியாகிவிட்டது. கழற்றும்போது அவளைப் பிடித்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

துளை ஆறியதும் போடுவதற்கென்று நீங்கள் அலமாரியில் வைத்துவிட்டுப் போன பழைய கம்மலை இத்துடன் அனுப்புகிறேன். இந்த வீட்டில் அதற்கு வேலை இல்லை.

குருவி


ஷஃபான் 5

குருவிக்கு,

நீ எழுத்துத் தமிழ்ல எழுதுனாலே கோவம்னு அர்த்தம். காலேஜ்ல சேரும்போது ஹாஸ்டல் வேணாம்னு நான் சொன்னதுக்கு இப்படித்தான் ஒரு லெட்டர் போட்டே, கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுற மாதிரி.

பாப்பாவுக்குச் சீழ்னு படிச்சதும் எனக்கு மிஷின்ல கால் ஓடல. ஒரு கடைக்கு முக்காடு தைச்சுக் குடுக்கணும், துணி வெட்டுனபடியே கெடக்குது. தெனமும் தொழுதுட்டு அவ பேரச் சொல்லிக் கேக்குறேன். சீழ்தானே, ஆறிடும். மஞ்சத் தண்ணி வச்சுத் துடைச்சியா? உங்க ஆஸ்பத்திரி மருந்தே போடு, நான் குறுக்க வரல.

ஆனா அந்தக் கம்மல நீ பார்சல் பண்ணி அனுப்புனதுதான் எனக்கு ஆறல. பஞ்சு சுத்தி, பிளாஸ்திரி ஒட்டி, உங்க லேபுல ரத்தம் அனுப்புற மாதிரி அனுப்பியிருக்கே. அது என்ன கம்மல்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? உன் உம்மா மவுத்தாகி நீ என் வீட்டுக்கு வந்த வருஷம், உனக்குப் பதினொரு வயசு, யார்கிட்டயும் பேச மாட்டே, தட்டுல போட்டத சாப்பிட மாட்டே. என்ன செய்யறதுன்னு தெரியாம உன்னக் கூட்டிட்டுப் போய் காது குத்தி, என் காதுல கெடந்ததக் கழட்டி உனக்குப் போட்டேன். அன்னைக்குத்தான் நீ மொத தடவ என்னைப் பார்த்துச் சிரிச்சே. கண்ணாடி முன்னாடி நின்னு தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தே.

அந்தக் கம்மல நீ அந்த வருஷ முழுப் பரிச்சை வரைக்கும் கூட போடல. ஏன்டி கழட்டிட்டேன்னு கேட்டா "படிக்கும்போது உறுத்துது"ன்னே. கல்யாணத்துக்காவது போடுவேன்னு பார்த்தேன். அன்னைக்கும் முக்காட்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு வெறுங்காதோடயே இருந்தே. நான் ஒரு வார்த்தை கேக்கல. பெத்தவ குடுத்திருந்தா போட்டிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். அதனாலதான் பாப்பாவுக்காவது போட்டுப் பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். இப்ப சொல்லிட்டேன். ஆசைதான்.

மார்க்கம் மார்க்கம்ங்கறியே, எனக்கும் மார்க்கம் தெரியும். ஆம்பளப் புள்ளைக்குக் குத்துனா கூடாதுன்னு தெரியும். உடம்ப ஓட்டை போட்டு அலங்கோலம் பண்ணக் கூடாதுன்னு தெரியும். போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணு முக்காடு தைக்க வந்தா. பேசும்போது வாய்க்குள்ள என்னமோ மின்னுச்சு. நாக்குல குத்தி மணி மாட்டியிருக்கா. "தொழுகைக்கு வாய் கொப்பளிச்சா அதுக்குள்ள தண்ணி போகுமாடி"ன்னேன். "போகும் மாமி, ஆனா பிரியாணி எலும்புதான் மாட்டிக்குது"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவளையே நான் ஒண்ணும் சொல்லல. அளவு எடுத்து அனுப்பிட்டேன். நான் என்ன நாக்குலயா குத்துனேன், மூக்குலயா குத்துனேன்? காது. அனுமதிச்ச காது.

பொருத்தம் தர மாட்டேன்னா ஏன்னு காரணம் சொல்லு. பயான்ல கேட்டேன்னு சொல்லாத. உன் வாயால சொல்லு.

பெரியம்மா


பிப்ரவரி 16

பெரியம்மாவுக்கு,

காரணம் கேட்டீர்கள். எழுதுகிறேன். இதைப் பெரியப்பா பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

நீங்கள் எனக்குக் காது குத்திய சில மாதங்களில் இடது காதின் பின்பக்கம் ஒரு சிறிய கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவு இருந்தது. வலித்தது, அதைவிட அதிகமாக அரித்தது. கம்மலைக் கழற்றினால் போய்விடும் என்று நினைத்துக் கழற்றினேன். போகவில்லை. பத்தாவது படிக்கும்போது அது திராட்சைப் பழம் அளவுக்கு வந்துவிட்டது. பள்ளியில் என் பின்னால் உட்கார்ந்த பெண்கள் ஒரு பெயர் வைத்தார்கள். அதை எழுத விரும்பவில்லை. வலது காதிலும் உண்டு, கொஞ்சம் சிறியது. வீட்டில் முடியை இறக்கிவிட்டு மறைத்துக்கொண்டேன்.

காலேஜ் ஹாஸ்டலில் சேர வேண்டும் என்று நான் அடம் பிடித்தது இதற்காகத்தான். அங்கே இருந்தபோது உங்களுக்குத் தெரியாமல் வெட்டி எடுத்தேன். மறு வருடம் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது. திரும்பவும் வெட்டினார்கள். அப்புறம் மாதா மாதம் அந்தத் தழும்புக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஒரு வழியாக நின்றது. சிலருடைய உடம்புக்குக் காயத்தை எந்த அளவோடு மூடி நிறுத்துவது என்று தெரியாதாம், மேலே மேலே சதை போட்டுக்கொண்டே இருக்குமாம். டாக்டர் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "இது குடும்பத்தில் வரலாம். உனக்குப் பிள்ளை பிறந்தால் காது குத்துமுன் யோசி."

பிரசவத்துக்குப் பிறகு காதில் காற்றுப் படக் கூடாது என்று துணி கட்ட வந்தீர்களே, ஒவ்வொரு முறையும் நானே கட்டிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேனே, அது இதனால்தான்.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். குத்தியது நீங்கள். உம்மா போன பிறகு எனக்கு முதன்முதலில் ஒன்றைக் கொடுத்தவர் நீங்கள். அதனால்தான் எனக்கு இப்படி ஆனது என்று உங்கள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பாப்பா விஷயத்திலும் சொல்ல முடியாமல் ஆலிமின் பேச்சை முன்னால் நிறுத்தினேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் நான் வேண்டாம் என்றதற்கு அது காரணம் இல்லை. பயம்தான் காரணம். மார்க்கத்தைச் சொன்னால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்களோ பதிலுக்கு இன்னொரு மார்க்கச் செய்தியோடு வந்தீர்கள்.

சீழ் ஆறிவிட்டது. ஆனால் இடது காதில் சின்னதாக ஒரு தடிப்பு இருக்கிறது. அது வெறும் வீக்கமா, என்னுடையதைப் போன்றதா என்று இப்போது சொல்ல முடியாதாம். பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். தினமும் காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். இவர் "நேத்துப் பார்த்த மாதிரியேதான் இருக்கு, விடு" என்கிறார். நான் விடுவதில்லை.

குருவி


ரமலான் 17

குருவிக்கு,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு. பேனா எடுத்தா கை வரல. நோன்பு வந்துருச்சு, அத சாக்கா வச்சுக்கிட்டு ஓதிக்கிட்டே இருந்தேன். பக்கம் பக்கமா ஓதுறேன், மனசு என்னவோ உன் காதுலயே நிக்குது.

ஒன்னே ஒன்னு சொல்றேன். நீ பள்ளிக்கூடம் படிக்கையில என்கிட்ட வந்து, "பெரியம்மா, என் முக்காட்ட மட்டும் ரெண்டு பக்கமும் முன்னாடி இழுத்து, கொஞ்சம் இறக்கித் தைச்சுக் குடுங்க"ன்னு கேட்டே. நான் தைச்சுக் குடுத்தேன். அப்புறம் தைக்க வந்த எல்லார்கிட்டயும் அதக் காட்டிக் காட்டிப் பேசுனேன். எங்க வீட்டுப் புள்ள எப்படிப்பட்ட புள்ள தெரியுமா, ஒரு முடி வெளிய தெரியக் கூடாதுன்னு அவளே கேட்டுத் தைச்சுக்கிட்டா, இந்தக் காலத்துல யாரு இருக்கான்னு. அந்த மாடலுக்கே ஆர்டர் வந்துச்சு. நீ காதுக் கட்டிய மறைச்சுக்கிட்டு நின்னிருக்கே. நான் உன் பக்தின்னு ஊர் பூரா பெருமை அடிச்சிருக்கேன். என் கையாலயே தைச்சு மூடியிருக்கேன் குருவி.

அந்த மாடல இப்பவும்தான் தைக்கிறேன். நேத்து ஒன்னு தைக்கும்போது பாதியில நிறுத்திட்டு உக்காந்துட்டேன். உன் பெரியப்பா "கரண்ட் போச்சா"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவரும் அண்ணாந்து பார்த்துட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

முந்தாநாள் நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் சொன்னேன். உன் காதைப் பத்தி சொல்லல, அது உன்னோடது. பாப்பா விஷயம் மட்டும்.

அவரு சொன்னாரு, "மாமி, பொம்பளப் புள்ளைக்குக் காது குத்தலாமான்னு கேட்டீங்கன்னா, பெரும்பாலான இமாம்கள் கூடும்னு சொல்லியிருக்காங்க. சின்னப் புள்ளைக்கு வேணாம்னு சொன்னவங்களும் இருக்காங்க. உங்க மக சொன்னது பொய்யில்ல, நீங்க சொன்னதும் பொய்யில்ல. ஆனா உங்களுக்கு இருக்கற சிக்கல் அது இல்லையே."

"வேற என்ன ஹஜ்ரத்?"

"பெத்தவ வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம் செஞ்சீங்களா?"

"ஆமா."

"புள்ளைக்குக் காயமாச்சா?"

"ஆச்சு."

"அப்ப அல்லாஹ்கிட்ட மட்டும் அழுதா போதாது. சம்பந்தப்பட்ட ஆள்கிட்ட கேக்கணும்."

"அவ உம்மாகிட்ட கேட்டு லெட்டர் போட்டிருக்கேன்."

"உம்மாவோட மனசு நொந்ததுக்கு உம்மா பொருத்தம் தரலாம். காது உம்மாவோடதா?"

கைப்புள்ளகிட்ட போய் எப்படிக் கேக்குறதுன்னேன். "அவளுக்குப் புத்தி தெரியற வயசு வரும்ல, அப்ப கேளுங்க"ன்னாரு. அதுவரைக்கும் நான் இருக்கணுமேன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் அவங்க வீட்டுப் பூனைதான் கத்திக்கிட்டு இருந்துச்சு.

மொத லெட்டர்ல தப்ப ஒத்துக்கலன்னு எழுதுனேன்ல, அதக் கிழிச்சுப் போட்டுரு. கூடும் கூடாதுன்னு நான் பேசுனதெல்லாம் என் ஆசைக்கு மேல போத்துன போர்வை. நீ வேணாம்னே. நான் கேக்கல. அது தப்பு.

உன்கிட்ட உன் பங்குக்குக் கேக்குறேன். குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம். குடுக்கலன்னா பயணத்த அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லிடுவேன். உன் பெரியப்பாகிட்ட சொல்லியாச்சு. சரின்னாரு. சரியா காதுல விழுந்துச்சான்னு தெரியல.

பெரியம்மா


ஏப்ரல் 6

பெரியம்மா,

அந்த முக்காடு விஷயத்தப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம் இவரு வந்து என்னன்னு கேட்டாரு. சொன்னேன். எங்க கல்யாணத்தப்பவே இவருக்குக் காதைப் பத்தித் தெரியும். "உங்க பெரியம்மா ஊருக்கே ஒரு ஃபேஷனைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்காங்க, அதுக்கு நீதான் காரணம்னு தெரியாம"ன்னு சொன்னாரு. அழுதுகிட்டே சிரிச்சேன்.

பயணத்தத் தள்ளிப் போட வேணாம். என் பங்க நான் குடுத்துட்டேன். இந்தக் காதுக்கும் குடுத்துட்டேன், உங்கள அன்னைக்கு அப்படி அனுப்ப வேண்டி வந்ததுக்கும் குடுத்துட்டேன். நீங்களும் எனக்குக் குடுக்கணும். வயசுல பெரியவங்கள ஒரு வாய் தண்ணி கூட குடிக்கச் சொல்லாம வாசல்ல பையோட நிக்க வச்சேன். இத்தன வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம, கம்மல் பிடிக்காத மாதிரி நடிச்சு உங்கள நோகடிச்சேன். சொல்லியிருந்தா நீங்க பாப்பாவ அந்தக் கடைப்பக்கமே தூக்கிட்டுப் போயிருக்க மாட்டீங்க. அதுல என் பங்கும் இருக்கு.

ஆனா பாப்பாவோடத நான் குடுக்க முடியாது. ஹஜ்ரத் சொன்னது சரி. கோவத்துல சொல்லல பெரியம்மா, நெசமாவே அது என் கையில இல்ல. தடிப்பு அப்படியேதான் இருக்கு, பெருசாகல, மறையவும் இல்ல. ரெண்டு ஓட்டையும் தூந்துபோச்சு. நாளைக்கு அவ வளர்ந்து இது ஒண்ணுமே இல்லன்னு சிரிக்கலாம். இல்ல என்ன மாதிரி முக்காட்ட இழுத்து இழுத்து விடலாம். எதுவா இருந்தாலும் அவகிட்ட நீங்கதான் கேக்கணும். நான் சொல்லி அவ கேட்டுக்கறது சரியில்ல.

கிளம்பறதுக்கு முன்னாடி வந்து பார்த்துட்டுப் போங்க. பாப்பா இப்ப தவழுறா. பிடிச்சு நிறுத்த ஆளு வேணும்.

குருவி


துல்கஃதா 7

குருவிக்கு, பெரியம்மா ஸலாம்.

வீடு வந்து சேர்ந்துட்டோம். நீ கட்டிக் குடுத்த சாப்பாட்ட பஸ்ஸுலயே உன் பெரியப்பா முடிச்சுட்டாரு. எனக்குன்னு ஒரு உருண்ட மிச்சம் வச்சாரு. அதே அதிசயம்.

நாளன்னிக்குக் கிளம்புறோம். வீடு பூரா சனம். ஆளாளுக்கு எனக்காக இத கேளு, எனக்காக அத கேளுன்னு சொல்லிட்டுப் போறாங்க. மாவு மில்லுக்காரன் பெல்ட்டு அறுந்துபோகாம இருக்கத் துஆ கேக்கச் சொல்றான். கேப்பேன். சொல்லிட்டான்ல.

உன் வீட்ல இருந்த ரெண்டு நாளும் பாப்பாவ நான் தூக்கலன்னு நீ கேட்டே. பயமா இருந்துச்சு. அவளே தவழ்ந்து வந்து என் மடியப் பிடிச்சு எந்திரிச்சா. அப்பவும் நான் கைய பின்னாடி வச்சுக்கிட்டேன். "பிடிங்க பெரியம்மா, விழுந்துருவா"ன்னு நீ சொன்னதுக்கு அப்புறம்தான் பிடிச்சேன். அந்தக் காதை நான் பார்த்தேன். தொடல. நீ அடுப்படியில இருக்கும்போது அவகிட்ட மெதுவா சொல்லிப் பார்த்தேன், தெரியாம செய்யலடி, தெரிஞ்சேதான் செஞ்சேன், மன்னிச்சுருன்னு. அவ என் மூக்குக் கண்ணாடியப் பிடுங்கி வாயில வச்சுக்கிட்டா. அத மன்னிப்புன்னு எடுத்துக்க மார்க்கத்துல இடமில்ல.

ராத்திரி சாப்பிடும்போது உன் பெரியப்பா சொன்னாரு, "அந்தப் புனித மண்ணுல மவுத்தானா எவ்வளவு பாக்கியம், அத கேப்போம் ரெண்டு பேரும்"னு. போறவங்க எல்லாரும் மனசுல வச்சுக்கிட்டுப் போறதுதான். பேர் வந்த நாள்லேருந்து நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அங்கயே முடிஞ்சு அங்கயே அடங்கிட்டா என் மாதிரி ஒருத்திக்கு வேற என்ன வேணும்.

அப்பவே அவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க வேணும்னா அங்கயே இருந்துக்கங்க, நான் திரும்பி வரணும்னு. அவருக்குக் கேக்கல. இன்னொரு தடவ சத்தமா சொன்னேன். வந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு.

கஃபாவ மொத தடவ பார்க்கும்போது கேக்குற துஆ தட்டாதுன்னு சொல்வாங்க. அப்ப என்ன கேக்கப் போறேன்னு உனக்கு எழுதிடுறேன். பாப்பாவுக்குப் புத்தி வந்து, என் மூஞ்சியப் பார்த்து ஆமான்னோ முடியாதுன்னோ சொல்ற வரைக்கும் எனக்கு ஆயுசு குடுன்னு கேப்பேன். கூட ஒரு நாள் வேணாம். அவ முடியாதுன்னு சொன்னா கூட, அத அவ வாயாலயே கேட்டுக்கிட்டு வந்துடறேன் ரப்பேன்னு கேப்பேன். இந்த வயசுல ஆயுச கேக்குறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. இருந்தாலும் கேக்கத்தான் போறேன்.

உன் பெரியம்மா